பரீட்சைக்கு ஒரு பொக்கைவாய்

என் தம்பி மகளுக்கு நண்டு என்று பெயர் வைத்தவர் எங்கள் பெரிய அண்ணன். பதினோரு வயதில் அவளுடைய வலது கை தம்பியின் சலவைக் கடையில் இருந்த சூட்டு உருளைக்குள் போய்விட்டு வந்தது. விடுதிகளிலிருந்து வரும் படுக்கை விரிப்புகளைத் தேய்த்துத் தள்ளும் இரட்டை உருளை அது. போனபோது ஐந்து விரலும் மடங்கின. வந்தபோது நடுவிரல்கள் மூன்றும் விறைத்துக்கொண்டு நின்றன. கட்டுப் பிரித்த அன்று அண்ணன் ஆஸ்பத்திரிக் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று, குழந்தையின் கையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "நண்டு மாதிரியில்ல இருக்கு" என்றார். ஆறுதல் சொல்ல வந்தவர் அவர். எங்கள் குடும்பத்தில் ஆறுதல் அந்த ரகத்தில்தான் கிடைக்கும். பெயர் ஒட்டிக்கொண்டது. கொஞ்ச நாளில் அவளே அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்த்தாள்.

அண்ணனைப் பற்றி இப்போதே சொல்லிவிடுகிறேன். ஒரு சரக்குக் கிடங்கில் முப்பது வருஷம் மேனேஜராக இருந்தவர். கிடங்கு அவரை ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டது. அவர்தான் மேனேஜர் வேலையை விடவில்லை. யார் வீட்டில் எது நடந்தாலும் அதை மேற்பார்வை பார்ப்பார். நடக்காமல் போனால், "நான் அன்னைக்கே சொன்னேன்" என்பார். அவர் அன்றைக்கே சொல்லாத விஷயம் ஒன்று இந்த உலகத்தில் நடந்ததாக எனக்கு நினைவில்லை.

நண்டுக்கு எட்டு மாதம், வாரத்துக்கு இரண்டு தடவை, கட்டு மாற்றினார்கள். கட்டு மாற்றும் அறைக்கு எதிர் அறையில் பல் வைத்தியம் நடந்தது. மற்ற அறைகளுக்குள் சும்மா போகிறவர்கள் அழுதுகொண்டு வெளியே வந்தார்கள். அந்த அறைக்குள் மட்டும் தாடையைப் பிடித்து அழுதுகொண்டு போனவர்கள் சும்மா வந்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்து அவள் இதைத்தான் கவனித்திருக்கிறாள். எங்களுக்கெல்லாம் அந்தப் பெஞ்சில் தூக்கம்தான் வந்தது.

பள்ளிக்கூடம் முடிக்கிற வருஷம், பல் டாக்டருக்குப் படிக்கப் போகிறேன் என்று சொன்னாள். அவள் அப்பா அவளுடைய கையைப் பார்த்தார். அம்மா, அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அண்ணன் யாரையும் பார்க்காமல் சிரித்தார். இடது கையை வாய்க்குள் விட்டால் யார் உட்கார்ந்திருப்பார்கள், விறைத்த கையை வைத்துக்கொண்டு நாற்காலியைத் துடைக்கும் வேலை வேண்டுமானால் கிடைக்கும் என்று நல்ல மனதோடு எடுத்துச் சொன்னார்.

 சலவைக் கடையில் சோப்புக்கட்டிக்குப் பஞ்சமில்லை. நண்டு ஒரு சின்னக் கத்தியை இடது கையில் வைத்துக்கொண்டு சோப்பில் பல் செதுக்க ஆரம்பித்தாள். முதலில் செதுக்கியதெல்லாம் பல் என்று அவள் சொன்னால்தான் தெரியும். கெட்டுப்போனதைத் தூக்கிப் போட அவள் அம்மாவுக்கு மனசு வராது. அந்த வருஷம் முழுக்க நாங்கள் கடைவாய்ப் பல்லால்தான் துணி துவைத்தோம்.

கல்லூரியில் சேர்வதற்கு முன்னால் உடல் தகுதி பார்க்க மூன்று டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். கையை நீட்டு என்றார்கள், நீட்டினாள். மடக்கு என்றார்கள். அதோடு விசாரணை முடிந்தது. தகுதியில்லை என்று எழுதி, கீழே மூன்று கையெழுத்துப் போட்டார்கள். கையெழுத்துப் போட்ட மூன்று கையும் நன்றாக மடங்கின என்று வீட்டுக்கு வந்து சொன்னாள். அவ்வளவுதான் அழுகை.

அடுத்த வருஷம் அதே மேசைக்கு முன்னால் போய், கையை நீட்டச் சொல்வதற்குள் ஒரு துணிப்பையைத் திறந்து, மேல் வரிசை பதினான்கு, கீழ் வரிசை பதினான்கு என்று சோப்புப் பற்களை வரிசையாக அடுக்கிவிட்டாள். ஒரு டாக்டர் ஒன்றை எடுத்துக் கட்டைவிரலால் தடவினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி தடவினார். பிறகு மூன்று பேரும் அந்தப் பக்கம் திரும்பிப் பேசிக்கொண்டார்கள். செய்முறையில் தோற்றால் அன்றைக்கே வெளியே போக வேண்டும் என்ற நிபந்தனையோடு சேர்த்துக்கொண்டார்கள். முதல் வருஷம் தோற்கவில்லை.

பல் வைத்தியம் பார்க்கும் நாற்காலியைச் செய்கிறவன் உலகத்தில் எல்லோருக்கும் வலது கைதான் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் செய்கிறான் போலிருக்கிறது. கருவித் தட்டு, துளைக்கும் கருவியின் ஒயர், துப்புகிற கிண்ணம் எல்லாமே வலது கைக்காரருக்கு வாகாக இருக்கும். நாற்பது நாற்காலி இருந்த கூடத்தில் இடது கைக்கு ஏற்றது ஒன்றே ஒன்று. அதுவும் மூலையில், அடிக்கடி விளக்கு அணைந்துபோகிற நாற்காலி. நண்டு நான்கு வருஷம் அந்த மூலையில் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு வேலை செய்தாள். விறைத்த மூன்று விரலையும் அவள் சும்மா விடவில்லை. நோயாளியின் கன்னத்தை ஒதுக்கிப் பிடிக்க அவற்றை வைத்துக்கொண்டாள். மற்ற பிள்ளைகளுக்குக் கன்னத்தைப் பிடித்துப் பிடித்துக் கை உளையும். இவள் விரல் உளையாது. அதில் உளைவதற்கு எதுவும் மிச்சமில்லை.

கடைசி வருஷப் பரீட்சை வந்தது. அதில் ஒரு வழக்கம் உண்டு. எனக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை. முழுப் பல்செட் செய்யும் பரீட்சைக்கு, ஒரு பல்கூட இல்லாத ஆளை மாணவர்கள் தாங்களே தேடிக் கூட்டி வர வேண்டுமாம். அந்த ஆளின் ஈறில் பரிசோதகர் முன்னால் அச்சு எடுக்க வேண்டும். ஆள் வரவில்லையென்றால் பரீட்சை இல்லை. ஆறு மாதம் கழித்து அடுத்த பரீட்சைக்குத்தான் வர வேண்டும். அதனால் பரீட்சை நெருங்க நெருங்க அந்த ஊரில் பொக்கைவாய்க்காரர்களுக்கு வந்த மவுசைச் சொல்லி முடியாது. பேரப்பிள்ளைகள் திரும்பிப் பார்க்காத கிழவர்களைக் காரில் கூட்டிப் போனார்கள். ஒருத்தன் தன்னுடைய கிழவரை வேறு மாணவன் கொத்திக்கொண்டு போய்விடுவான் என்று பயந்து பரீட்சை வரைக்கும் தன் அறையிலேயே தங்க வைத்திருந்தான்.

நண்டு ஓய்வுபெற்ற ஒரு தபால்காரரைப் பேசி வைத்திருந்தாள். பரீட்சைக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் மகள் வந்து தன் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஏழு வருஷம் எட்டிப் பார்க்காத மகளுக்கு அந்த வாரம்தான் பாசம் வந்தது.

"அத்தை, நம்ம சொந்தத்துல யாருக்கெல்லாம் பல்லே இல்ல?" என்று கேட்டுக்கொண்டு என்னிடம் வந்தாள்.

சொந்தபந்தம் என்றால் என்னைத்தான் கேட்பார்கள். யார் யாருக்கு என்ன முறை, எந்த வீட்டில் யாருக்கு என்ன சண்டை என்று எனக்கு அத்துபடி. ஆனால் வாயை வைத்து நான் யாரையும் எண்ணிப் பார்த்ததில்லை. உட்கார்ந்து எண்ணினோம். என் ஒன்றுவிட்ட மாமாவுக்கு மேலே இல்லை, கீழே ஆறு இருக்கிறது. சின்னப் பாட்டனாரின் மருமகனுக்கு ஒரே ஒரு பல் இருக்கிறது. அதைப் பிடுங்கிக்கொள்ளட்டுமா என்று கேட்டால் சொத்தைக் கேட்டதுபோல் சண்டைக்கு வருவார். தையல்கார அத்தான் பொக்கைதான். ஆனால் வாய்க்குள் விரல் போனால் வாந்தி எடுப்பார். எனக்குக் கீழே நான்கு பல் இருக்கிறது. அன்றைக்கு முதல் தடவையாக அதற்காக வெட்கப்பட்டேன். கடைசியில் சுத்தமாக, ஒரு குறையும் இல்லாமல், மேலும் கீழும் வழுவழு என்று இருந்த ஒரே வாய் பெரிய அண்ணனுடையது.

அண்ணன் பதினைந்து வருஷமாகப் பல்செட் போட்டிருந்தார். அது யாருக்கும் தெரியாது என்பது அவருடைய நினைப்பு. அவர் வேகமாகப் பேசினால் பல்செட் தனியாகத் தாளம் போடும். குழந்தைகள்கூட அதைக் கேட்டுச் சிரிக்கும். ஆனாலும் இளைய தலைமுறைக்குப் பல்லைப் பாதுகாக்கத் தெரியவில்லை என்று அவர் பேசும்போது நாங்கள் எல்லோரும் மரியாதையாகத் தலையாட்டுவோம்.

நானும் நண்டும் போய் உட்கார்ந்தோம். அண்ணி தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"பெரியப்பா, ஒரு உதவி" என்றாள் நண்டு.

"சொல்லும்மா. யார்கிட்டயாவது சொல்லி வெக்கணுமா?"

"இல்ல பெரியப்பா. உங்க வாய் வேணும்."

"என் வாய்க்கு என்ன?"

"ஒண்ணும் இல்ல. அதுக்குத்தான் வந்தேன்."

அண்ணன் முகம் போன போக்கைப் பார்த்து நான் தேநீர்க் கோப்பைக்குள் குனிந்துகொண்டேன். கால் மணி நேரம் கல்லைக் கடிப்பேன், இரும்பைக் கடிப்பேன் என்று பேசினார். நண்டு பொறுமையாகக் கேட்டுவிட்டு, வெளியூரிலிருந்து பெரிய பரிசோதகர் வருவதையும், பேராசிரியர்கள் சுற்றி நிற்பார்கள் என்பதையும், அத்தனை பேரும் பெரியப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதையும் சொன்னாள். அண்ணன் இரும்பைக் கடிப்பதை நிறுத்தினார். கடைசியில், குடும்பத்தில் ஒருவருக்கும் தெரியக் கூடாது என்ற நிபந்தனையோடு சம்மதித்தார். குடும்பத்தில் இரண்டு பேர் அவருக்கு எதிரேதான் உட்கார்ந்திருந்தோம்.

கிளம்பும்போது நண்டு ஒரு விஷயத்தை மூன்று தடவை சொன்னாள். பரீட்சைக்கு இரண்டு நாள் முன்னாலேயே பல்செட்டைக் கழற்றி வைத்துவிட வேண்டும். பல்செட் அழுத்தி அழுத்தி ஈறு அமுங்கிக் கிடக்கும். அந்த ஈறில் அச்சு எடுத்தால் அமுங்கின ஈறின் அச்சுதான் வரும். அதை வைத்துச் செய்கிற பல் பிற்பாடு பொருந்தாது. இரண்டு நாள் ஓய்வு கொடுத்தால் ஈறு தன் வடிவத்துக்கு வந்துவிடும். கிடங்குக்கு வந்த சரக்கைச் சரிபார்க்கிற தோரணையில் அண்ணன் மூன்று தடவையும் தலையாட்டினார்.

பரீட்சை அன்று அண்ணன், அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு அண்ணி, இரண்டு பேருக்கும் வழி காட்டுகிற பொறுப்பில் நான். கூடத்துக்கு வெளியே நீளமான பெஞ்சில் பொக்கைவாய்க்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்குப் பக்கத்திலும் ஒரு மாணவன், பெண் பார்க்க வந்த வீட்டில் நிற்பதுபோல் பணிவாக நின்றான். அண்ணன் நடுவில் உட்கார்ந்து அவர்களுக்கு நாட்டு நடப்பை விளக்க ஆரம்பித்தார். அப்போதுதான் பார்த்தேன். வாய் நிறையப் பல்.

"அண்ணே, இதைக் கழட்டலையா?" என்று காதில் கேட்டேன்.

"பஸ்ல நாலு பேர் பாப்பாங்கம்மா. உள்ள போய்க் கழட்டிக்கலாம்."

"ரெண்டு நாளா?"

"கழட்டினேனே. குளிக்கும்போது."

நண்டு வந்தாள். அண்ணன் பல்செட்டைக் கழற்றி அண்ணி நீட்டின டப்பாவில் போட்டுவிட்டு உள்ளே போனார். கதவில் இருந்த கண்ணாடி வழியாக நான் பார்த்தேன். உள்ளே பேசினதெல்லாம் நண்டு பிற்பாடு சொன்னது. மூலை நாற்காலியில் உட்கார வைத்து, கன்னத்தை ஒதுக்கி, விளக்கை உள்ளே காட்டினாள். மேலண்ணம் செக்கச்செவேல் என்று, பல்செட்டின் ஓரம் பதிந்த கோட்டோடு இருந்ததாம். அவளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கும் சார் ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுக் குனிந்து காதில் சொன்னார்: "பேசாம அச்சை எடுத்துடு. மார்க் நீ செய்யுற முறைக்குத்தான். பல்லு பொருந்துதான்னு பரிசோதகர் திரும்பி வந்து பாக்கப் போறதில்ல."

நல்ல மனிதர். பொய்யும் சொல்லவில்லை. நண்டு தட்டில் இருந்த, அச்சு மருந்தைக் கலக்கும் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். எடுத்ததை நான் பார்த்தேன். திரும்ப வைத்தாள். நேராகப் பரிசோதகரிடம் போய், "சார், என் பேஷண்ட்டோட ஈறு இன்னைக்கு அச்சு எடுக்கிற நிலையில இல்ல" என்றாளாம்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். பேஷண்ட்டைத் தயார் செய்து கூட்டி வருவது உன் வேலை, அதற்கு ஐந்து மார்க் போய்விட்டது என்றார். ஒரு மணி நேரத்துக்குள் வேறு ஆள் கொண்டுவந்தால் பரீட்சை, இல்லையென்றால் ஆறு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்றார். உண்மை பேசியதற்குக் கைதட்டுவார்கள், தோளில் தட்டுவார்கள் என்றெல்லாம் எழுதுகிறவர்கள் பரீட்சை எழுதிப் பார்த்ததில்லை.

வெளியே வந்தவள் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தாள். ஆறு மாதம் என்றால் மற்றவர்களுக்கு ஆறு மாதம்தான். இவளைச் சேர்க்கும்போதே செய்முறையில் தோற்றால் கதை முடிந்தது என்றார்கள். அது முதல் வருஷத்துக்கு மட்டுமா, எல்லா வருஷத்துக்குமா என்று கேட்கப் பயந்து அவள் இதுவரை கேட்கவே இல்லை. நான் மறுபடி சொந்தக்காரர்களின் வாயை எண்ண ஆரம்பித்தேன். ஒரு மணி நேரத்தில் வந்து சேரக்கூடிய தூரத்தில் ஒருவரும் இல்லை. அண்ணன் பின்னாலேயே வந்து, கல்லூரி நிர்வாகத்தில் இருக்கிற குறைகளைப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு எடுத்துச் சொன்னார். பல் இல்லாததால் பாதி பேச்சு காற்றாகவே போயிற்று.

அண்ணி டப்பாவைப் பெஞ்சில் வைத்தாள். நண்டுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"என் வாயைப் பாரும்மா."

அண்ணி எப்போதும் வாய்க்கு மேல் கையை வைத்துக்கொண்டுதான் பேசுவாள். புருஷன் முன்னால் மரியாதை தெரிந்தவள் என்று நாங்களே அதற்குச் சான்றிதழ் கொடுத்து, மற்ற மருமகள்களுக்கு எடுத்துக்காட்டாகவும் சொல்லிக்கொண்டிருந்தோம். அன்றைக்குக் கையை எடுத்துவிட்டு வாயைத் திறந்தாள். மேலே ஒன்றும் இல்லை. கீழே ஒன்றும் இல்லை.

 எந்த வீட்டில் யார் யாரோடு பேசுவதில்லை என்று நாற்பது வருஷமாக மனதில் வைத்திருக்கிறேன். என் அண்ணி வாயில் பல் இல்லை என்பது தெரியவில்லை. பொக்கைவாய் தேடி அந்த வீட்டுக்கே போய், அவள் கையால் தேநீர் வாங்கிக் குடித்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

"எத்தனை வருஷமா பெரியம்மா?" நண்டு கேட்டாள்.

"எட்டு இருக்கும். ஒண்ணொண்ணா ஆடிச்சு, பிடுங்கிட்டு வந்தேன்."

"எனக்கே தெரியாதே" என்றார் அண்ணன்.

"நீங்க கேக்கலையே."

"சாப்பிடும்போது பாத்திருப்பேனே."

"நீங்க சாப்பிட்டு எழுந்தப்புறம்தானே நான் உக்காருவேன். பால்ல ஊறின ரொட்டிக்குப் பல்லு எதுக்கு?"

நாற்பத்தோரு வருஷம் ஒரே வீட்டில் இருந்த மனிதர். கிடங்கில் ஒரு ஆணி குறைந்தாலும் கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர் வாங்கியவர். வாயைத் திறந்தார். அதில் பல்லும் இல்லை, பேச்சும் இல்லை. என் ஆயுளில் நான் பார்த்த முதல் தடவை அது.

பரிசோதகர் அண்ணியின் ஈறைத் தடவிப் பார்த்து, பல்செட் எத்தனை நாளாகப் போடவில்லை என்று கேட்டார். போட்டதே இல்லை என்றாள் அண்ணி. "அப்ப எட்டு வருஷமா ஓய்வுலதான் இருக்கு" என்றார் அவர். ஈறுக்குத்தான் ஓய்வு என்று நான் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று சொல்லிக்கொண்டேன்.

ஆனால் அது சுலபமான வாய் இல்லை. இத்தனை வருஷம் பல் இல்லாமல் விட்டதில் கீழ் ஈறு தேய்ந்து, தரையோடு தரையாகக் கிடந்தது. அச்சுத் தட்டு உட்கார இடம் இல்லை. முதல் அச்சு வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. சார் உதட்டைப் பிதுக்கினார். மூலை விளக்கு தன் வழக்கப்படி அணைந்தது. நண்டு தலை விளக்கைப் போட்டுக்கொண்டு, விறைத்த விரல்களால் அண்ணியின் கன்னத்தை ஒதுக்கி, இடது கையால் இரண்டாவது தட்டை வைத்தாள். நான்கு நிமிஷம். அந்த விரல்கள் கன்னத்தோடு அசையாமல் அப்படியே நின்றன. அண்ணியும் அசையவில்லை, அசையாமல் இருப்பதில் அவளுக்கு நல்ல பயிற்சி. வெளியே எடுத்தபோது ஓரமெல்லாம் சுத்தமாகப் பதிந்திருந்தது. பரிசோதகர் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஏதோ எழுதிக்கொண்டு அடுத்த நாற்காலிக்குப் போனார்.

ஐம்பது எடுத்தால் தேர்ச்சி. நண்டு எடுத்தது ஐம்பத்திரண்டு. போன ஐந்து மார்க்கை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. இன்றைக்கு ஒரு மருந்துக்கடை மாடியில் அவளுக்குச் சொந்தமாக ஒரு அறை இருக்கிறது. நாற்காலி செய்கிறவனிடம் சண்டை போட்டு எல்லாவற்றையும் இடது கைக்கு மாற்றி வாங்கியிருக்கிறாள். பழகாமல் வருகிறவர்கள் தப்பான பக்கம் திரும்பித் துப்பிவிடுகிறார்கள். அதைத் துடைக்க ஆள் வைத்திருக்கிறாள்.

அண்ணியின் பல் ஆறு வாரத்தில் தயாரானது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு எல்லோரும் வந்திருந்தோம். அண்ணி எங்களோடு மேசையில் உட்கார்ந்து ரொட்டியின் மொறுமொறுப்பான ஓரத்தை மட்டும் பொறுக்கி எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள். அண்ணன், நண்டு தேறிய கதையைப் புதிதாக வந்த சம்பந்திக்குச் சொன்னார். பேஷண்ட் கிடைக்காமல் பிள்ளை தவித்தபோது பரீட்சைக் கூடத்துக்கு ஆளைக் கூட்டிக்கொண்டு போனது தான்தான் என்றார். அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, அதனால் யாரும் மறுக்கவில்லை.

அண்ணி கடித்ததை மென்று முடித்தாள். கையை வாய்க்கு மேல் கொண்டுபோகவில்லை.

"ஆமா சம்பந்தி" என்றாள். "கூடவே அவர் பல்லையும் கூட்டிட்டு வந்தார்."